பிழைத்தவரின் பிள்ளைகள் எந்தக் கணக்கில்?

எங்கள் வீட்டு வாசற்படி முக்கால் சாண் உயரம். நைனா திட்ட ஆரம்பித்தால் நான் ஓடிப்போய் அந்தப் படிக்கு வெளியே நின்றுகொள்வேன். அவருடைய சக்கர நாற்காலி அதைத் தாண்டாது. கபடியில் கோட்டைத் தொட்டுவிட்டவன் மாதிரி நின்று சிரிப்பேன். நாலாம் வகுப்புப் பையனுக்கு அவ்வளவுதான் புத்தி. அவர் இரண்டு சக்கரங்களிலும் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் பேச மாட்டார்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்பாவை நைனா என்று கூப்பிடும் வீடுகள் நிறைய. பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஆந்திரம் வந்துவிடும். 1996இல், சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு பழைய ஷெட்டுக்குக் கூரை மாற்றப் போன நைனா சிமெண்ட் ஷீட்டின் மேல் கால் வைத்தார். ஷீட் உடைந்தது. கீழே காங்கிரீட் தரை. ஷீட் கூரையில் நேரடியாகக் கால் வைக்கக் கூடாது, பலகை போட்டு அதன் மேல்தான் நடக்க வேண்டும், இடுப்பில் கயிறு இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பலகை கொண்டுவந்து போட நேரமாகும், அவ்வளவுதான். விழுந்தவரை இரண்டு பேர் தோளையும் இரண்டு பேர் காலையும் பிடித்து, நடுவில் உடம்பு தூளி மாதிரி தொங்க, டெம்போவில் ஏற்றினார்கள். பதற்றத்திலும் பாசத்திலும் செய்தது. ஆனால் முதுகெலும்பு நொறுங்கியவரை அப்படித் தூக்கினால் மிச்சமிருக்கும் நரம்பும் போகலாம். 108 வரும்வரை அசைக்காமல் வைத்திருப்பது நல்லது. தூக்கியே ஆக வேண்டுமென்றால் கதவுப் பலகையிலோ பெஞ்சிலோ கிடத்தி, கழுத்தும் முதுகும் வளையாமல் தூக்க வேண்டும். கட்டுரையின் கடைசிவரை எல்லோரும் வர மாட்டார்கள் என்பதால் இதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அப்போது அவருக்கு 36 வயது, அக்காவுக்கு 14, எனக்கு 9. அதற்குப் பிறகு 17 ஆண்டுகள் எங்களுக்கு அப்பாவாக இருந்துவிட்டு, 2013இல் சிறுநீரகம் கெட்டு இறந்தார். விபத்தைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அந்த 17 ஆண்டுகள்தான் விஷயம்.

வேலையில் அடிபட்டு ஒரு தொழிலாளி இறந்துபோனால், தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. அவர் குடும்பத்தில் தலை எண்ணுகிறது. மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்தில் இரண்டு பங்கு. எல்லாம் சேர்ந்து கூலியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் அந்த அளவுக்குள் சுருக்கிப் பிரித்துக்கொடுப்பார்கள். சாலை விபத்தில் இறந்தாலும் அப்படித்தான். 2009இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வாய்பாடே போட்டுக் கொடுத்தது: இறந்தவரை நம்பி இரண்டு மூன்று பேர் இருந்தால் அவருடைய சொந்தச் செலவாக வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழி, நாலு முதல் ஆறு பேர் என்றால் நாலில் ஒரு பங்கு.

அதே தொழிலாளி சாகவில்லை, தண்டுவடம் அடிபட்டுப் பிழைத்துக்கொண்டார் என்று வையுங்கள். நிரந்தர முடக்கத்துக்கான இ.எஸ்.ஐ. பென்ஷன் அவருடைய கூலியையும், மருத்துவ வாரியம் போடும் சதவீதத்தையும் பார்க்கும். இ.எஸ்.ஐ.யில் இல்லாதவருக்குத் தொழிலாளர் இழப்பீட்டுக்கான அட்டவணை வயதைப் பார்க்கும். 30 வயதுக்கு 207.98 என்று ஒரு எண் இருக்கிறது. மாதம் 15,000க்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் 15,000 என்றே வைத்து, முழு முடக்கமென்றால் அதில் 60 சதவீதத்தை அந்த எண்ணால் பெருக்க வேண்டும். 18,71,820 ரூபாய் வரும். ஒண்டிக்கட்டைக்கும் அதே தொகை, மூன்று பிள்ளை பெற்றவருக்கும் அதே தொகை. ரூபாய் பிசகாத கணக்கு, பிள்ளைகள் மட்டும் அதில் இல்லை.

செத்தால் பிள்ளைகள் வாரிசு. பிழைத்தால் அவர்கள் யாரோ.

கூலிக்கு ஈடு கொடுத்தாயிற்றே, அதை வைத்து வளர்த்துக்கொள்ளட்டுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்குச் சட்டப் புத்தகத்தைவிட எங்கள் வீட்டு அலாரம் கடிகாரம் நல்ல பதில் சொல்லும்.

உணர்ச்சியில்லாத உடம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். இல்லையென்றால் எலும்பு அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் நின்று, முதலில் தோல் சிவக்கும், பிறகு கறுக்கும், பிறகு பள்ளமாகும். வலி தெரியாததால் அவருக்கே தெரியாது. ராத்திரி பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. அம்மா இறால் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, பன்னிரண்டும் இரண்டும் அக்காவின் முறை ஆயின. சிறுநீர்ப் பையைக் காலி செய்வது, டியூபைச் சுற்றித் துடைப்பது, இரண்டு நாளைக்கு ஒருமுறை வயிறு கழிய வைப்பது, துணி அலசுவது. முதலில் படுக்கப் போட்டது கயிற்றுக் கட்டில். ஒரே மாதத்தில் புட்டத்தில் புண். யாரோ சொல்லி லாரி டியூபில் பாதிக் காற்றடித்து அதன் மேல் உட்கார வைத்தோம். அப்படி வளையத்தின் மேல் உட்கார வைத்தால் சுற்றிலும் அழுத்தம் ஏறிப் புண் மோசமாகும் என்பதைப் பிற்பாடு ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அதுவரைக்கும் பார்த்த எந்த மருத்துவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

காலாண்டுப் பரீட்சைக்கு அக்கா போகவில்லை. அரையாண்டுக்கும் போகவில்லை. யாரும் அவளை நிறுத்தவில்லை, நின்றுவிட்டாள். நான் தொடர்ந்து படித்தேன், எழுதக் கற்றேன், இப்போது பத்திரிகைக்குக் கட்டுரை எழுதுகிறேன். நைனாவுக்கு உதவியாளர் வைக்க மாதாமாதம் ஒரு தொகை வந்திருந்தால் அந்த ஒன்பதாம் வகுப்பு நின்றிருக்காது. அவரைக் கூட்டிப்போன கான்ட்ராக்டரின் பதிவேட்டில் நைனாவின் பெயரே இல்லை. எனவே இ.எஸ்.ஐ.யும் இல்லை. கையில் ஒரு தொகை கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டார்கள். அந்தக் கதை இந்த வட்டாரத்தில் புதிதல்ல. ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து உருக்காலைகளிலும் ரோலிங் மில்களிலும் நிற்கும் பையன்களிடம் கேட்டால் இன்றைய பதிப்பைச் சொல்வார்கள்.

உதவியாளர் செலவு என்பது ஆடம்பரமல்ல என்று நீதிமன்றங்களுக்குப் புரிந்திருக்கிறது. சாலை விபத்தில் 12 வயதில் முழுமையாக முடங்கிப்போன காஜல் என்ற சிறுமியின் வழக்கில், 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இரண்டு உதவியாளர்களுக்குத் தலா மாதம் 5,000 ரூபாய் என்று வைத்து, அதை 18 ஆண்டுக் கணக்காகப் பெருக்கி, 21,60,000 ரூபாய் தனியாகக் கொடுக்கச் சொன்னது. வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தும் வேலை விபத்துதான் என்று இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010இல் திருத்தம் வந்தது. இழப்பீட்டுச் சட்டத்துக்கும் அது பொருந்தும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரவு ஷிப்டுக்குத் தேசிய நெடுஞ்சாலை 16இல் பைக்கில் போகிறவர்கள் குறித்துவைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு. நீதிமன்றம் போகிறவருக்கு இப்படி ஏதாவது கிடைக்கிறது. போக முடியாதவருக்கு அரசின் மாத உதவித்தொகை மட்டும்தான்.

அது எவ்வளவு? தமிழ்நாட்டில் தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கான பராமரிப்புத் தொகை சில ஆண்டுகளாக மாதம் 2,000 ரூபாய். அதிக உதவி தேவைப்படுபவர்களுக்கு உதவியாளர் வைத்துக்கொள்ள என்று மாதம் 1,000. இப்போது ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திரத்துக்குள் வாருங்கள். என்.டி.ஆர். பரோசா திட்டத்தில் 2024 ஜூலை முதல் மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 6,000. படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ முடங்கியவர்களுக்கு 15,000. முன்பு இவர்களுக்கு அங்கே 5,000தான். ஒரே நாளில் மூன்று மடங்காக்கினார்கள். பிறகு மறுபரிசோதனை என்று பலரை அலைக்கழித்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் தொகை தொகைதான். ஆந்திரப் பக்கத்து ஸ்ரீசிட்டியில் விழுந்தால் ஒரு விலை, சிப்காட்டில் விழுந்தால் ஒரு விலை என்று எல்லைக்காரர்களாகிய நாங்கள் பேசிக்கொள்வதில் கசப்பு இருக்கிறது. தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் சங்கம் ஆந்திராவைக் காட்டித்தான் போராடியும் வருகிறது. மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்வுதளத்திலிருந்து நலவாரியம்வரை பலவற்றையும் முன்னோடியாகச் செய்ததாகச் சொல்லிக்கொள்ளும் மாநிலத்துக்கு, இந்த ஒப்பீடு கௌரவமானதல்ல.

தொகையைவிட என்னை உறுத்துவது சட்டத்தில் ஒரு சொல். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நல்ல சட்டம். அதன் 24ஆவது பிரிவு, அரசு செய்ய வேண்டிய சமூகப் பாதுகாப்புகளைச் சொல்லும்போது, மாற்றுத்திறனாளிப் பெண்களின் வாழ்வாதாரத்துக்கும் அவர்களுடைய பிள்ளைகளை வளர்ப்பதற்கும் உதவி வேண்டும் என்கிறது. எழுதியவர்களுக்கு நூறு வணக்கம். தாய் என்று ஒருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள் என்று யோசித்திருக்கிறார்கள். ஆனால் தகப்பன் இல்லை. தண்டுவட முறிவு வேலைத்தலங்களிலும் சாலைகளிலும் பெரும்பாலும் ஆண்களைத்தான் தாக்குகிறது. ஆண் முடங்கினால் சம்பாத்தியம் போயிற்று என்று பார்க்கிறோம். பிள்ளை வளர்ப்பது அவன் வேலை என்று முன்பும் நினைக்கவில்லை, எனவே அதுவும் போயிற்று என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அரசு ஊழியர் என்றால் பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை வேலையைவிட்டு அனுப்பக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணியிடம் தர வேண்டும் என்று 20ஆவது பிரிவு சொல்கிறது. ஷெட் கூரையில் ஏறுகிறவருக்கு அதுவும் பொருந்தாது.

குழந்தைகளுக்கான திட்டங்களைப் பார்ப்போமா? தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு. அல்லது ஒருவரை இழந்து, இருக்கும் மற்றவரும் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கு. இங்கேயும் ஒரு சாவு வேண்டியிருக்கிறது.

நைனா விழுந்த காலத்தைவிட இன்று முதல் இரண்டு நாள் எவ்வளவோ மேல். 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திருவள்ளூருக்கு 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. உயிர் பிழைக்கிறவர்கள் கூடுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலகம் முழுக்க 1.5 கோடிப் பேருக்கு மேல் தண்டுவட முறிவோடு வாழ்கிறார்கள். 48 மணி நேரத்துக்குப் பிறகு வரும் முப்பது நாற்பது ஆண்டுகள் யார் பொறுப்பு என்று கேட்டால், குடும்பம் என்பதுதான் இப்போதைய பதில்.

மறுவாழ்வு மருத்துவம் என்று ஒன்று தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர். நியூயார்க் போய்ப் படித்துவிட்டு வந்து 1963இல் மறுவாழ்வு மருத்துவத் துறையைத் தொடங்கினார். 1966இல் உள்நோயாளிகளுக்கான நிலையம் பாகாயத்தில் வந்தது. ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அப்போது பொறியியல் மாணவர். ஆறே ஆண்டில் கிராமத்தில் ஒரு பள்ளியோடு ஆரம்பித்தது, இன்று தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களைத் தங்கவைத்துப் பழக்கும் நிலையமாகவும் இருக்கிறது. சென்னை கே.கே. நகரில் அரசின் புனர்வாழ்வு மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சக்கர நாற்காலியிலும் நிறைய மாறியிருக்கிறது, சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய நியோபோல்ட், நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொண்டால் ஸ்கூட்டர் மாதிரி ரோட்டில் ஓடுகிறது.

ஆனால் வேலூர் எங்கே, ஆய்க்குடி எங்கே, கும்மிடிப்பூண்டி எங்கே! நல உதவிக்கு மனு கொடுக்கவே திருவள்ளூர் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குப் போக வேண்டும். கும்மிடிப்பூண்டியிலிருந்து அங்கே நேர் ரயில் கிடையாது. சென்னைக்குப் போய், மாறி, மறுபடி மேற்கே வர வேண்டும். பஸ் என்றால் பெரியபாளையம் வழியாக ஐம்பது கிலோமீட்டர். இடுப்புக்குக் கீழே அசைவில்லாத மனிதரை டவுன் பஸ்ஸில் ஏற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தத் தூரத்தின் நீளம் தெரியும். சிப்காட்டிலிருந்து கோடிக்கணக்கில் வரி போகிறது. இத்தனை ஆலைகள் உள்ள வட்டாரத்துக்கு, அங்கேயே தங்கிப் பழக ஒரு மறுவாழ்வுப் பிரிவு கேட்பது பேராசையா?

அப்படிப் பழக்கும் இடங்களில்கூட, அப்பாவாக இருப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறப் பழக்குகிறார்கள். மடியில் இரண்டு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு உணர்ச்சியில்லாத தொடை சுடாமல் பால் ஆற்றுவது எப்படி, நாற்காலியிலிருந்து குனிந்து தொட்டிலில் இருந்து பிள்ளையை எடுப்பது எப்படி என்பதெல்லாம் பாடத்தில் இல்லை. சின்ன வயதுக்காரர்கள் கேட்கக் கூசும் கேள்வி இன்னொன்று. கல்யாணமாகி ஆறு மாதத்தில் விழுந்தவருக்கு இனிக் குழந்தை பிறக்குமா? பலருக்கும் பிறக்கும். தண்டுவட முறிவுக்குப் பிறகு விந்து இயல்பாக வெளிப்படாமல் போகலாம். அதை எடுப்பதற்கு அதிர்வுக் கருவி முதல் ஊசிவரை வழிகள் உண்டு, அதன் பிறகு கருத்தரிப்புச் சிகிச்சை. பெண்களுக்கோ மாதவிலக்கு சில மாதங்களில் திரும்பிவிடும், கர்ப்பம் தரிப்பதில் தடை இல்லை, பிரசவத்தின்போது மட்டும் விஷயம் தெரிந்த மருத்துவர் வேண்டும். இவ்வளவையும் அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம். சொல்லாததால் முறிந்த கல்யாணங்கள் எத்தனையோ. டாக்டர் கேட்க மாட்டார், நோயாளி சொல்ல மாட்டார், மாமியார் முடிவு செய்துவிடுவார்.

முடங்கிய தகப்பன் வளர்த்தால் பிள்ளை சீரழியும் என்ற எண்ணம் ஒன்று சொந்தக்காரர்கள் மத்தியில் உண்டு. ‘பசங்கள எங்க வீட்ல உடு, படிக்கட்டும்’ என்று எங்களையும் கேட்டார்கள். 1981இலேயே அமெரிக்காவில் பிரான்சிஸ் பக், ஜார்ஜ் ஹோமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், தண்டுவடம் அடிபட்ட அப்பாக்களிடம் வளர்ந்து பெரியவர்களானவர்களைத் தேடிப்பிடித்து, மற்ற வீட்டுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். மனநிலை, நடத்தை, அப்பாவோடு உறவு எதிலும் இவர்கள் குறைந்துபோகவில்லை. ஹோமனே சக்கர நாற்காலிக்காரர். தாய்மார்களை வைத்து 2002இல் வந்த ஆய்வும் அதையேதான் சொன்னது. இந்தியாவுக்குப் பாராலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்த முதல் பெண்ணான தீபா மாலிக், முதுகுத்தண்டுக் கட்டியால் முடங்கியபோது இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாய். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் 2016 ரியோ வெள்ளிப் பதக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த இரண்டு பெண்களைப் பள்ளிக்கு அனுப்பிய காலைகளைப் பற்றிப் படிக்கத்தான் எனக்கு ஆசை.

பள்ளி என்றதும் ஞாபகம் வருகிறது. நம் அரசுப் பள்ளிகளில் சாய்தளம் கட்டுகிறார்கள், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்காக. மாணவர் யாரும் இல்லையென்றால் அதன் மேல் சைக்கிள் நிறுத்திவிடுகிறார்கள். சக்கர நாற்காலியில் ஒரு பெற்றோர் வருவார் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ஆறாம் வகுப்பில் என் மார்க் ஷீட்டில் கையெழுத்து போட நைனாவே வந்தார், மூன்று சக்கர வண்டியில், கையால் பெடல் சுற்றி. பள்ளிக்கூட வாசலில் நாலு படி. உள்ளே வர முடியாது என்று நான் ஓடிப்போய்ச் சொன்னேன். சொன்னதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி, ஏனென்றால் கணக்கில் நான் வாங்கியது 31. கணக்கு வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, மார்க் ஷீட்டையும் எடுத்துக்கொண்டு, வெளியே புங்கமரத்தடிக்கு வந்தார். நைனாவின் வண்டிக்குப் பக்கத்தில் மரத்து வேரில் உட்கார்ந்துகொண்டார். நைனா உட்கார்ந்திருக்கும்போது அவரிடம் நின்றுகொண்டு பேசாத முதல் ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன். இருவரும் அரை மணி நேரம் என்னைப் பற்றிப் பேசினார்கள். அன்றைக்கு ராத்திரி முதல் எனக்கு வாய்பாடு ஆரம்பமானது. புரட்டிப் போடும் நேரமான பன்னிரண்டு மணிக்கு நான் விழித்திருந்தால் அப்போதும் பதினேழாம் வாய்பாடு கேட்பார்.

அதற்கு ஒரு வருஷம் முன்பே வாசற்படியை இடித்தாகிவிட்டது. அது நைனாவின் முடிவு. ஆயா ஒத்துக்கொள்ளவில்லை. "நெலப்படிய இடிச்சா ஊட்ல லட்சுமி எப்பிட்ரா தங்குவா?" என்றாள். நைனா, "சரிவுல வந்தா லட்சுமி வழுக்கி வுழுந்துடுவாளா? வரட்டும்மா" என்றார். கூட வேலை பார்த்த கொத்தனார் ஒருவர் கூலி வாங்காமல் வந்தார். மூன்றடி நீளத்துக்குச் சரிவு போட்டார்கள். முதல் நாளே நாற்காலி பின்பக்கமாகச் சாய்ந்து நைனா மல்லாந்துவிட்டார். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்ற கணக்கு அப்போது யாருக்கும் தெரியாது. பெயர்த்துவிட்டு ஏழு அடிக்கு மறுபடி போட்டார்கள். தெருவில் பாதி போய்விட்டது என்று எதிர்வீட்டில் முணுமுணுத்தார்கள். சிமெண்ட் காய்ந்த மறுநாள் நான் எதற்கோ திட்டு வாங்கி, வழக்கம்போல வெளியே ஓடி நின்றேன். நாற்காலி வாசலில் நிற்கவில்லை. இறங்கி வந்தது. தெருமுனை அடிபம்பு வரைக்கும் துரத்தினார். தெருவே சிரித்தது. பிடித்தபோது அடிக்கவில்லை, மூச்சு வாங்க என் காதை மட்டும் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

அந்தச் சரிவுக்கு ஆனது இரண்டு மூட்டை சிமெண்ட். வீட்டில் கழிப்பறைக் கதவை அகலப்படுத்தவும் வாசலில் சரிவு கட்டவும் இழப்பீட்டோடு சேர்த்து ஒரு தொகை தரலாமே என்று கேட்டால் விதியில் இடமில்லை என்பார்கள். 207.98 என்று இரண்டு தசம இடம்வரை துல்லியமாக யோசித்த விதி அது.

மூன்று காரியங்களை அரசுகள் நாளையே செய்யலாம். உதவியாளர் தொகையை, ஒரு வளர்ந்த ஆளுக்கு உண்மையிலேயே கூலி கொடுக்கும் அளவுக்கு உயர்த்துவது; ஆந்திரத்தின் 15,000 எட்டாத உயரமென்றால் அதற்கான காரணத்தை நிதித்துறை வெளிப்படையாகச் சொல்லட்டும். இ.எஸ்.ஐ. மருத்துவ வாரியப் படிவத்திலும் மாற்றுத்திறனாளி நல அலுவலக மனுவிலும் ‘பிள்ளைகள் எத்தனை பேர், என்ன வகுப்பு’ என்று ஒரு வரி சேர்ப்பது. எண்ணாததற்குத் திட்டம் வராது. கடைசியாக, கும்மிடிப்பூண்டி அல்லது பொன்னேரி அரசு மருத்துவமனையில் பத்துப் படுக்கையோடு ஒரு தண்டுவட மறுவாழ்வுப் பிரிவு.

அதுவரைக்கும் இருப்பதை விடக் கூடாது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. உடல்நிலையாலும் வருமானத்தாலும் பிள்ளைகளைப் பராமரிக்க முடியாத பெற்றோர் என்ற பிரிவு அதில் இருக்கிறது. இருவரும் உயிரோடு இருந்தாலும் கேட்கலாம். கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000, மற்ற இடங்களில் 96,000க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். தண்டுவடம் அடிபட்டவர் வீடுகளில் பெரும்பாலும் இது யாருக்கும் தெரிவதில்லை, ஏனென்றால் அவர்கள் அலைவது மாற்றுத்திறனாளி அலுவலகத்துக்கு, இது இருப்பது வேறு அலுவலகத்தில். உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால் போய்ச் சொல்லுங்கள். போனால், அந்த வீட்டு மூத்த பெண் பள்ளிக்குப் போகிறாளா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.